நிதியும் நிட்சேபமும்: ‘க்ருப்தோ’ என்ற விவிலிய வினைச்சொல் எதைச் சொல்கிறது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் அகழாய்வைத் தொடங்கியது. கார் ஆலைகளும் உதிரிபாகக் கூடங்களும் சிப்காட் மனைகளும் சூழ்ந்த அந்த வட்டாரத்தின் மண்ணுக்கடியிலிருந்து கற்காலக் கருவிகளும் சங்க காலப் பொருள்களும் ரோமானிய ஆம்போரா ஜாடியின் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் வெளிவந்தன. இப்படிப்பட்டவற்றை ‘மண்ணில் மறைந்து கிடந்தவை’ என்று சொல்வது நம் வழக்கம். உண்மையில் அவற்றை எவரும் மறைக்கவில்லை. கல்லாயுதம் பயன் தீர்ந்து விடப்பட்டது, ஜாடி உடைந்ததும் ஓடுகள் வீசப்பட்டன, மணி தொலைந்தது, மேலே மண் ஏறியது. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. அவ்வளவு பொன்னை ஒருவர் கைதவறி ஓரிடத்தில் விட்டிருக்க முடியாது. யாரோ எண்ணிச் சேர்த்து, திரும்ப வந்து எடுக்கும் நினைப்போடு வைத்த சேமிப்பு அது. தொலைந்த பொருள், எறிந்த பொருள், வைத்த பொருள் என்று தொல்லியலார் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். கிரேக்க விவிலியத்தில் மறைத்தலைக் குறிக்கும் முதன்மை வினையான ‘க்ருப்தோ’வைப் புரிந்துகொள்ளவும் இந்தப் பிரிவினையிலிருந்து தொடங்குவதே சரி.

கிரேக்கத்தில் கண்ணுக்குத் தப்பிப்போவதற்கு ‘லந்தனோ’ என்று ஒரு வினை உண்டு. மேலே ஒன்றைப் போர்த்தி மூடுவதற்குக் ‘கலுப்தோ’ உண்டு. வடக்குப்பட்டின் ஜாடி ஓட்டுக்கு லந்தனோ பொருந்தும்; புதுக்கோட்டைக் காசுக்கு க்ருப்தோ பொருந்தும். க்ருப்தோவில் ஒரு கை வேலை செய்கிறது, ஒரு நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கம் வஞ்சகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இலியத்தில் அயாஸ் தன் கேடயத்துக்குப் பின்னால் தெயுக்ரோஸை நிறுத்திக் காக்கும் இடத்தில் ஹோமர் இதே வினையைத்தான் ஆள்கிறார். புதிய ஏற்பாட்டில் இது ஏறக்குறைய இருபது இடங்களில் வருகிறது. மத்தேயு நற்செய்தியில்தான் அதிகம். அந்த இடங்களை ஒன்றாக வைத்துப் படிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது குழப்பம். ஒருவன் புதையலை மறைக்கிறான், அது விண்ணரசுக்கு உவமையாகிறது. இன்னொருவன் பணத்தை மறைக்கிறான், வெளியிருளில் தள்ளப்படுகிறான். கடவுளும் மறைக்கிறார்; ஆதாமும் மறைகிறான். ஒரே வினை எப்படி இத்தனை எதிரெதிர்த் தீர்ப்புகளைத் தாங்குகிறது? இந்த வினைக்குத் தனக்கென்று நன்மையோ தீமையோ இல்லை என்பதும், மறைத்த பொருள் யாருடையது, மறைத்தவர் எந்த மனநிலையில் மறைத்தார் என்ற இரண்டு கேள்விகளிலேயே ஒவ்வொரு இடத்தின் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வாக்கிய அமைப்பைப் பார்க்கலாம். பழைய கிரேக்கத்தில் இந்த வினை பெரும்பாலும் இரண்டு செயப்படுபொருளை ஏற்கும்: மறைக்கும் பொருள் ஒன்று, யாருக்குத் தெரியாமல் மறைக்கிறோமோ அந்த ஆள் இன்னொன்று. விவிலியக் கிரேக்கத்தில் நிலைமை மாறுகிறது. அங்கே க்ருப்தோ பெரும்பாலும் இரண்டு துணைகளில் ஒன்றோடு வருகிறது. நம் இலக்கணப்படி சொன்னால் ஒன்று ஏழாம் வேற்றுமை, இன்னொன்று ஐந்தாம் வேற்றுமை. வயலில், மண்ணில், மணலில், இருதயத்தில், கடவுளுக்குள் என்று வரும்போது பேச்சு பொருள் இருக்கும் இடத்தைப் பற்றியது. ஞானிகளிடமிருந்து, உன் கண்களிலிருந்து, ஆண்டவரின் முகத்திலிருந்து என்று வரும்போது பேச்சு விலக்கப்பட்ட ஆளைப் பற்றியது. இந்த ஐந்தாம் வேற்றுமை அமைப்பு எபிரேய வழக்கின் சாயல். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் தந்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பின் வழியே பரவியது. ஏழாம் வேற்றுமையோடு வரும் க்ருப்தோவில் வைத்தல், காத்தல் என்ற நிறம் மேலோங்கும். ஐந்தாம் வேற்றுமையோடு வருவதில் விலக்குதல், தவிர்த்தல் என்ற நிறம் மேலோங்கும். கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் விசுவாசிகளின் வாழ்வு கடவுளுக்குள் மறைந்திருக்கிறது என்று வருவது ஏழாம் வேற்றுமை. அது பத்திரமாக வைக்கப்பட்ட வாழ்வு, அடுத்த வசனமே அது வெளிப்படும் நாளைப் பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் அரசர்களும் அடிமைகளும் மலைகளைக் கூவியழைத்து எங்களை மறையுங்கள் என்று கெஞ்சுவது ஐந்தாம் வேற்றுமை. அது ஒரு முகத்திலிருந்து தப்பியோடும் மறைவு.

இந்த வினை இவ்வளவு அகலமானதற்கு எழுபதின்மரே பெரும் காரணம். எபிரேயத்தில் மறைத்தலுக்குப் பல வினைகள் உண்டு. மதிப்பறிந்து சேமித்து வைப்பதற்குச் ‘சாபன்’, மண்ணுக்குள் புதைப்பதற்குத் ‘தாமன்’, மூடுவதற்குக் ‘காசா’, ஒளிந்துகொள்வதற்கு ‘ஹாபா’. இவை நான்கையும் அவர்கள் பல இடங்களில் க்ருப்தோ என்ற ஒரே வாய்க்காலில் விட்டார்கள். இதன் விளைவை இரண்டு சங்கீதங்களில் தெளிவாகப் பார்க்கலாம். 119ஆம் சங்கீதத்தின் 11ஆம் வசனத்தில் பாடுகிறவர் இறைவனின் வாக்கைத் தன் இருதயத்தில் வைத்திருப்பதாகச் சொல்கிறார். பாவம் செய்யாதிருக்க அது அவருக்குக் காவல். 40ஆம் சங்கீதத்தின் 10ஆம் வசனத்தில் பாடுகிறவர் இறைவனின் நீதியை இருதயத்துக்குள் மறைக்கவில்லை, சபையில் சொன்னேன் என்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் வினை க்ருப்தோ. இரண்டிலும் இருதயம், இரண்டிலும் ஏழாம் வேற்றுமை. முன்னதில் மறைத்தது புண்ணியம், பின்னதில் மறைக்காதது புண்ணியம். எபிரேயத்தில் முன்னது சாபன், பின்னது காசா. அதனால் மூலத்தில் முரண் இல்லை. கிரேக்கத்தை மட்டும் கேட்டவருக்கு வினை உதவவில்லை, வேற்றுமையும் உதவவில்லை. அவர் பொருளைத்தான் பார்த்திருக்க வேண்டும். தன்னைக் காக்கத் தனக்குத் தரப்பட்ட வாக்கை உள்ளே வைப்பது சரி. சபைக்குச் சேரவேண்டிய செய்தியை உள்ளே பூட்டுவது தவறு. ஆக, வேற்றுமை முதல் குறிப்பைத் தருகிறது. முடிவைத் தருவது உரிமை.

இதே சோதனையை மத்தேயுவின் இரண்டு உவமைகளில் வைத்துப் பார்ப்போம். 13ஆம் அதிகாரத்தின் 44ஆம் வசனத்தில், வயலில் மறைத்து வைக்கப்பட்டிருந்த பொக்கிஷத்தை ஒருவன் காண்கிறான், மறுபடியும் மறைக்கிறான், மகிழ்ச்சியோடு போய், உள்ளதையெல்லாம் விற்று அந்த வயலை வாங்குகிறான். ஒரே வசனத்தில் க்ருப்தோ இருமுறை வருகிறது. 25ஆம் அதிகாரத்தில் ஒரு தாலந்து பெற்ற ஊழியன் மண்ணைத் தோண்டி எஜமானின் பணத்தை மறைக்கிறான். கணக்குக் கேட்கும் நாளில், பயந்துபோய் மறைத்தேன் என்கிறான். செயல் அச்சாக ஒன்றே: மண், பணம், மறைவு. தீர்ப்பு மட்டும் இரு துருவங்கள். மண்ணில் பணம் புதைப்பது அக்காலத்தில் பொறுப்பற்ற வேலையும் அல்ல. போரின் நிச்சயமின்மைக்கு அஞ்சி மக்கள் புதைத்த செல்வத்தை, எருசலேம் வீழ்ந்தபின் இடிபாடுகளுக்கடியிலிருந்து ரோமப் படைகள் தோண்டியெடுத்ததை வரலாற்றாசிரியர் யோசேப்பு பதிவு செய்திருக்கிறார். 1952இல் கும்ரானின் மூன்றாம் குகையில் கிடைத்த செப்புச் சுருள், பொன்னும் வெள்ளியும் புதைத்த இடங்களின் பட்டியல். பணத்துக்கு மண்ணைத் தவிர வேறு பத்திரம் இல்லை என்ற கருத்து ரபி சாமுவேலின் பெயரால் தல்மூதில் நிற்கிறது. தாலந்து என்பதும் சில்லறைத் தொகை அல்ல. சுமார் 6,000 தெனாரியு, அதாவது ஒரு கூலியாள் பல ஆண்டுகள் உழைத்துப் பெறும் பணம். அவ்வளவு பெரிய தொகையை மண்ணில் வைத்த ஊழியன் ஊர் வழக்கப்படி எச்சரிக்கையான மனிதன்தான்.

அந்த வழக்கம் பாலஸ்தீனத்தோடு நிற்கவில்லை. 1842இல் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டு, திபேரியு என்ற இரு பேரரசர்கள் வெளியிட்டவை. திபேரியுவின் தலை பொறித்த தெனாரியுவைத்தான், இயேசுவிடம் வரி பற்றிக் கேட்டவர்கள் காட்டிய காசாக மரபு அடையாளம் காண்கிறது. கொங்கு நாட்டில் கிடைத்த புதையல்களில் அந்த வகைக் காசு ஏராளம். புதுக்கோட்டைப் பொற்காசுகளில் கடைசியானவை வெஸ்பாசியன் காலத்தவை. அது எருசலேம் வீழ்ந்த தலைமுறை. ஆகவே மத்தேயு எழுதப்பட்ட காலத்தை ஒட்டி, அதே காசுகளைக் கொண்டு, அதே செயலைத் தமிழ் மண்ணிலும் மனிதர்கள் செய்தார்கள். வைத்தவர்கள் எவரும் திரும்ப வரவில்லை என்பதாலேயே அக்காசுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உவமையில் வரும் பொக்கிஷத்தின் முதல் சொந்தக்காரனும் அப்படித் திரும்பாமல் போன ஒருவனே. க்ருப்தோ வினையின் நிறைவு எச்ச வடிவம் ஒன்று மட்டுமே அவனைக் காட்டிக்கொடுக்கிறது: முன்பு எப்போதோ மறைக்கப்பட்டு இன்றுவரை அப்படியே இருப்பது என்று அந்த வடிவம் பொருள்படும்.

இந்த இரண்டு உவமைகளின் வேறுபாட்டைச் சொல்ல நம் கிரயப் பத்திரங்களிலேயே சொல் இருக்கிறது. நிலத்தோடு சேர்ந்து வாங்குபவருக்குப் போகும் உரிமைகளை அடுக்கும்போது பழைய பத்திரங்கள் ‘நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்’ என்று தொடங்கும். விஜயநகரக் காலத்துச் சாசனங்கள் அஷ்டபோகம் என்று குறிக்கும் எட்டு உரிமைகளின் தொடர்ச்சி இது. அதில் நிதி வேறு, நிட்சேபம் வேறு. நிதி என்பது வைத்தவர் யாரென்று தெரியாமல் மண்ணில் கிடக்கும் புதையல். நிட்சேபம் என்பது தர்ம சாஸ்திரங்களில் ஒருவரை நம்பி மற்றவர் ஒப்படைத்த பொருள். மனு வகுத்த 18 வழக்குப் பிரிவுகளில் கடனுக்கு அடுத்து இரண்டாவதாக நிற்பது அது. மத்தேயு 13இன் பொக்கிஷம் நிதி. மத்தேயு 25இன் தாலந்து நிட்சேபம். அதுவும், வியாபாரம் செய்து பெருக்கும்படி தரப்பட்ட நிட்சேபம். நிதியைக் கண்டவன் மறைத்தது, அதற்குத் தன்னிடமுள்ள அனைத்தையும் ஈடாகக் கொடுக்கப் போகும் இடைவெளிக்காக. நிட்சேபத்தை மறைத்தவன் அதற்கு ஈடாக எதையும் கொடுக்க மனமில்லாமல் மறைத்தான். உழைப்பையும் கொடுக்கவில்லை, நட்டமடையும் துணிவையும் கொடுக்கவில்லை. புதைத்ததற்காக எஜமான் அவனைக் கண்டிக்கவில்லை. குறைந்தபட்சம் வட்டிக்கடைக்காரனிடமாவது கொடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறான்.

இரண்டாவது கேள்வி மனநிலையைப் பற்றியது. இங்கே நூலே நமக்குச் சாட்சி தருகிறது. க்ருப்தோவுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஓர் உணர்வுச் சொல் நிற்கிறது. ஆதியாகமத்தின் கிரேக்க வடிவில் ஆதாம் பயந்தேன், மறைந்தேன் என்கிறான். ஒரு தாலந்து ஊழியனும் பயந்தேன், மறைத்தேன் என்கிறான். சொற்களின் வரிசைகூட ஒன்றே. யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் அரிமத்தியா ஊர் யோசேப்பு யூதருக்குப் பயந்து மறைவான சீடனாக இருந்தான் என்று வருகிறது. மறுபக்கம், வயலில் மறைத்தவன் மகிழ்ச்சியோடு போனான். எபிரெயர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தின் 23ஆம் வசனம் இன்னும் கூர்மையானது: குழந்தை மோசேயைப் பெற்றோர் மூன்று மாதம் மறைத்தார்கள், அரசனின் கட்டளைக்கு அவர்கள் பயப்படவில்லை என்று அது சேர்த்துச் சொல்கிறது. அரசனின் ஆட்கள் தேடும்போது பிள்ளையை ஒளிப்பதைப் பயத்தின் செயல் என்றே எவரும் நினைப்பார். நிருபத்தின் ஆசிரியர் அதைத் துணிவின் செயலாகக் காண்கிறார். காரணம், அவர்கள் மறைத்தது தங்கள் உயிரை அல்ல. காக்கும் கடமை தங்கள்மேல் இருந்த இன்னோர் உயிரை. வேவுகாரரை மாடியில் சணல் தட்டைக்குள் மறைத்த ராகாபும் இதே அணியில் நிற்கிறாள். தன்னைக் கணக்கிலிருந்து தப்பவைக்க மறைப்பவரின் அருகில் பயம் நிற்கிறது. ஒன்றைக் காத்துக் கொடுக்க மறைப்பவரின் அருகில் அது நிற்கவில்லை. யோசேப்புகூடப் பயத்தில் மறைந்திருந்தவன், இயேசுவின் உடலைக் கேட்டுப் பிலாத்துவிடம் போன கணத்தில் பயந்தவர்களின் அணியை விட்டு வெளியேறுகிறான்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, வயல் உவமையின் நேர்மை. வயலின் சொந்தக்காரரிடம் சொல்லாமல் மூடிவைத்துவிட்டு வாங்குவது ஏமாற்று அல்லவா? ஜே. டங்கன் டெரெட் என்ற சட்ட அறிஞர் 1960களில் இதை ரபிகளின் சட்டத்தைக் கொண்டு ஆராய்ந்து, கண்டவன் பொருளைத் தூக்கி எடுக்காமல் விட்டதும் நிலத்தை முறைப்படி வாங்கியதும் அன்றைய சட்டத்துக்குள் அடங்கியவை என்று வாதிட்டார். நம் நாட்டுச் சட்டம் அவனுக்கு இவ்வளவு இடம் தராது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. பத்திரத்தில் எழுதிய நிதி நிட்சேப வாசகம் அந்தக் கடமையை நீக்காது. ஆகவே அவன் நல்லவன் என்று நிறுவ இங்கே அவசியமில்லை. உவமை பாராட்டுவது அவன் மூடிவைத்த தந்திரத்தை அல்ல, எல்லாவற்றையும் விற்ற முழுமையை. மறைத்தல் அங்கே ஓர் இடைச்செயல். அதன்மேல் புகழ் ஏறவில்லை. வினைக்குத் தன்னளவில் தீர்ப்பு இல்லை என்ற வாதத்துக்கு இது துணையே.

இரண்டாவது மறுப்பு கனமானது. மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் தந்தை இவற்றை ஞானிகளிடமிருந்து மறைத்துக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தினார் என்று இயேசு நன்றி சொல்கிறார். அது ஐந்தாம் வேற்றுமை மறைப்பு, அதாவது விலக்கும் மறைப்பு. அதற்கு எப்படி நன்றி? உரிமைக் கேள்வியே இங்கும் வழிகாட்டுகிறது. மறைத்தவர் தமக்குச் சொந்தமானதை மறைத்தார். ஞானிகளுக்குக் கடன்பட்டதை அல்ல. அங்கே வெளிப்பாடு கொடை, கொடைக்கு எவரும் வழக்குப் போட முடியாது. லூக்கா 18இல் சீடர்களிடமிருந்து மறைக்கப்பட்ட செய்தி 24ஆம் அதிகாரத்தில் அவர்களுக்குத் திறக்கப்படுகிறது. அந்த மறைப்புக்கு ஒரு தவணை இருந்தது. லூக்கா 19இல் எருசலேமின் கண்களிலிருந்து மறைக்கப்பட்ட சமாதானத்துக்கு அத்தகைய தவணை சொல்லப்படவில்லை. அது கடினமான இடம்; அதை மென்மையாக்கத் தேவையில்லை. தன்னைச் சந்திக்க வந்த காலத்தை நகரம் அறியவில்லை என்று அதே பகுதி காரணம் சொல்கிறது. மறைப்பு அங்கே அலட்சியத்துக்கு வந்த தண்டனை.

மூன்றாவது மறுப்பு முறையியல் சார்ந்தது. ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட விவிலியச் சொற்பொருளியல் நூலில், ஒற்றைச் சொல்லுக்குள் இறையியல் முழுவதையும் திணிக்கும் பழக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். அந்த எச்சரிக்கை சரியானது. இந்தக் கட்டுரையின் நிலைப்பாடும் அதுவே. க்ருப்தோவுக்குள் ஒரு மறைபொருள் தத்துவம் ஒளிந்திருப்பதாகப் பிரசங்கம் செய்வதற்கு இடமில்லை. ஏட்டுப் பிரதிகளே இதற்குச் சான்று: மத்தேயு 11இலும் 25இலும் சில பிரதிகள் க்ருப்தோவை வைக்க, சில பிரதிகள் முன்னொட்டுச் சேர்ந்த அபோக்ருப்தோவை வைக்கின்றன. எழுத்தர்கள் இரண்டையும் தயங்காமல் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றால் அவர்கள் காதுக்கு இது சாதாரண வினை. பொருள் வாக்கியத்தில் பிறக்கிறது.

ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வந்த தமிழ் வேதாகமம், பழைய திருப்புதல் என்று இன்றும் வாசிக்கப்படுவது, இந்த உண்மையை நன்றாக உணர்ந்திருக்கிறது. வயலின் பொக்கிஷத்துக்கும் தாலந்துக்கும் அது புதைத்தல் என்ற வினையைத் தருகிறது. கண்டவன் செய்ததற்கு மறைத்தல். இருதயத்தில் உள்ள வாக்குக்கு வைத்துவைத்தல். பெண் மாவில் கலந்த புளிப்பைச் சொல்ல மத்தேயு 13இன் 33ஆம் வசனத்தில் க்ருப்தோவின் கிளைச்சொல் ஒன்று வருகிறது. தமிழ் அதற்கு அடக்கிவைத்தாள் என்கிறது. புளிப்பை மாவில் ஒளித்தாள் என்று எழுதியிருந்தால் வாசகர் திகைத்திருப்பார். ஒரு கிரேக்கச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இங்கே ஓர் இழப்பைச் சுட்டலாம்: 44ஆம் வசனத்தில் முதலில் வைத்தவனும் பின்னால் கண்டவனும் ஒரே செயலைச் செய்கிறார்கள் என்பது புதைத்தல், மறைத்தல் என்ற இரு சொற்களில் மங்குகிறது. இழப்பு உண்மைதான். ஆனாலும் பொக்கிஷமும் தாலந்தும் ஒரே புதைத்தல் வினையால் இணைவதால், இந்த இரு உவமைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி தமிழ் வாசகருக்கு அடைபடவில்லை.

எனவே விவிலியத்தில் மறைத்தல் வரும் இடமெல்லாம், மறைத்தது நல்லதா கெட்டதா என்று வினையிடம் கேட்பதை விட்டுவிட வேண்டும். பொருள் யாருடையது, மறைத்தவர் எதைக் காத்தார் என்று கேட்டால் வசனமே பதில் சொல்லும். பிரசங்கிகளுக்கும் வேதப் பாட ஆசிரியர்களுக்கும் வைக்கும் வேண்டுகோள் இது. இதே கேள்வி ஒரகடம் தொழிற்பகுதியில் அஸ்திவாரம் தோண்டுகிற ஒவ்வொருவருக்கும் பொருந்தும். வடக்குப்பட்டின் மண்ணில் கிடைத்தவற்றை வைத்தவர் எவரும் இல்லை, உரிமை கோர வரப்போகிறவரும் இல்லை. ஆயினும் அவை நிலம் வாங்கியவரின் நிதி ஆகிவிடா. இந்த ஊருக்கும் இனி வரும் தலைமுறைக்கும் சேரவேண்டிய நிட்சேபம் அவை. மண்வெட்டியில் ஓர் ஓடோ மணியோ தட்டுப்பட்டால் மேலே மண்ணை இழுத்து மூடிவிடாமல் ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.